167-ஐ விட்டுவைத்தது சரியா?

அப்பர் தாம்சன்வாசி:
சிங்கப்பூரில் செம்பவாங்கிலிருந்து புக்கிட் மேரா போகும் 167-ஆம் எண் பேருந்தை 2023 டிசம்பரில் நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். மக்கள் குரல் கொடுத்ததும் அரை மணிக்கு ஒன்று என்று ஓடவிட்டார்கள். தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் வந்த பிறகு இது வீண் என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. என் அம்மாவுக்கு நொவீனாவில் சிகிச்சை. ரயில் என்றால் அப்பர் தாம்சனில் ஏறி, கால்டிகாட்டில் வட்டப் பாதை ரயிலுக்கு மாறி, பீஷானில் இன்னொரு முறை மாற வேண்டும். 167-இல் ஏறி உட்கார்ந்தால் போதும்.

செம்பவாங் தம்பி:
எழுதியது நான்தான் அக்கா. செம்பவாங்கிலிருந்து நொவீனாவுக்கு ஒரே ரயில். 2022 நவம்பரில் தாம்சன் பாதை ஆர்ச்சர்ட் தாண்டி நகருக்குள் நீண்ட பிறகு 167-இல் ஆள் குறைந்துவிட்டது. மாறி ஏறினாலும் கட்டணம் மொத்தத் தூரத்துக்குத்தானே? பேருந்துகளுக்கு அரசாங்கம் ஆண்டுக்கு 100 கோடி வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் கொடுக்கிறது. புது நகரமான தெங்காவில் வீட்டுக்குப் போனவர்களுக்கு அந்தப் பேருந்தும் ஓட்டுநரும் கூடுதலாகப் பயன்படும்.

அப்பர் தாம்சன்வாசி:
தம்பி, நான் காசைப் பற்றிப் பேசவில்லை, முழங்காலைப் பற்றிப் பேசுகிறேன். காலையில் பீஷானில் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கூட்டத்துக்குப் பயந்து இரண்டு ரயிலை விட்டுவிடுவோம். பேருந்தில் அவர் உட்காரும் வரை ஓட்டுநர் வண்டியை எடுக்க மாட்டார். செம்பவாங்கில் இருப்பவருக்கு ரயில் நேராகப் போகிறது, சரி. நடுவில் இருக்கும் எங்களுக்கு?

மார்சிலிங் ரவி:
ஆள் குறைவு என்கிற வாதம் எனக்குப் பிடிபடவில்லை. அரை மணிக்கு ஒன்று விட்டால் யார் காத்திருப்பார்கள்? இன்னும் குறையும், அப்புறம் அதையே காரணமாகச் சொல்வார்கள்.

செம்பவாங் தம்பி:
ரவி அண்ணே சொல்வதில் நியாயம் இருக்கிறது. அக்கா சொன்ன இரண்டு மாற்றத்தை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் புக்கிட் மேரா வரை முழு நீளமும் எதற்கு? வழியில் உள்ள ஸ்பிரிங்லீஃபிலிருந்து நொவீனா வரை மட்டும் ஓட்டி, அதே பேருந்துகளை அடிக்கடி விடலாமே. பேருந்துச் சேவையை மேம்படுத்த 2024-இல் அறிவித்த 90 கோடி வெள்ளித் திட்டம் 8 ஆண்டுக்கு. அதைப் புது வட்டாரங்களுக்கே செலவிடட்டும்.

அப்பர் தாம்சன்வாசி:
நொவீனா வரை என்றால் எனக்குச் சம்மதம். ஆனால் 15 நிமிடத்துக்கு ஒன்று வேண்டும். எட்டரை மணிக்கு டாக்டரைப் பார்க்க, இப்போது ஏழு மணிக்கே நிறுத்தத்தில் நிற்கிறோம்.