டாஸில் 15 காய் விளையாட்டு: திரை நீலமானதும் நின்றுவிடுகிறது, உதவி தேவை

கேள்வி

வணக்கம். அப்பாவின் பழைய 486 கணினியைத் தூசு தட்டி எழுப்பிவிட்டேன். எம்எஸ்-டாஸ் 6.22 என்ற பழைய இயங்குதளம் ஓடுகிறது. அவர் விளையாடுவதற்காக, 4×4 கட்டத்தில் ஒரு காலி இடத்தைக் கொண்டு காய்களை நகர்த்தி 1 முதல் 15 வரை அடுக்கும் விளையாட்டை டர்போ சி++ 3.0 என்ற நிரல் தொகுப்பி கொண்டு எழுதுகிறேன். விஜிஏ திரை, 320×200 புள்ளிகள், 256 நிறங்கள். காய்களில் தமிழ் எண்கள் வேண்டும் என்றார். கட்டத்தாளில் 16×16 புள்ளிகளாக ஒவ்வொன்றையும் கையால் வரைந்து ஏற்றினேன்.

திரை முழுவதும் நீலமாகிறது, அதோடு சரி. காய்கள் வருவதே இல்லை. இதே நிரல் என் புதிய கணினியில் ஜிசிசி (gcc) தொகுப்பியில் ஒழுங்காக ஓடியது. மூன்று இரவுகள் போய்விட்டன.

பதில் 1

நின்றபின் விசைகளைத் தொடர்ந்து அழுத்தினால் என்ன நடக்கிறது? விசைப்பலகையின் நம் லாக் (Num Lock) விளக்கு மாறுகிறதா?

கேட்டவர்

விளக்கு மாறுகிறது. பதினைந்து விசைகளுக்குப் பிறகு ஒவ்வொரு அழுத்தலுக்கும் 'பீப்' என்கிறது.

பதில் 1

அப்படியானால் கணினி உறையவில்லை. பயாஸ் (கணினியின் அடிப்படை நிரல்) விசைகளை வாங்கி வைக்கிறது. அதன் இடையகத்தில் (தற்காலிகச் சேமிப்பிடத்தில்) 15 விசைகள்தான் கொள்ளும். எடுத்துப் படிக்க வேண்டிய உங்கள் நிரல் எங்கோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. திரையை நிரப்பும் ஃபார் (for) சுழற்சியில் புள்ளிகளை எண்ணும் மாறி, அதாவது எண்ணி, எந்த வகை? வெறும் இன்ட் (int, முழு எண் வகை) என்றால் கோளாறு அங்கேதான்.

டர்போ சி-யில் இன்ட் 16 பிட். 32767-க்கு அடுத்து -32768-க்குத் தாவும். திரையில் 320×200 = 64000 புள்ளிகள்; 64000-ஐ அது எட்டவே எட்டாது, சுழற்சியும் முடியாது. ஜிசிசி-யில் இன்ட் 32 பிட் என்பதால் அங்கே தெரியவில்லை. ஏமாற்றுவது அந்த நீலத்திரைதான். திரை நினைவகத்தைக் காட்டும் ஃபார் (far) சுட்டியில் -32768 என்ற இடம் 32768 என்றே கொள்ளப்படுவதால் திரையின் கீழ்ப்பாதியும் ஒழுங்காக நிரம்பிவிடுகிறது. பார்ப்பவருக்கு வேலை முடிந்தது போலத் தோன்றும்.

எண்ணியை அன்சைன்ட் இன்ட் (unsigned int, எதிர்ம எண் இல்லாத வகை) ஆக்குங்கள். அது 65535 வரை போகும்.

கேட்டவர்

ஒரே சொல்லைச் சேர்த்தேன், காய்கள் வந்துவிட்டன! மிக்க நன்றி. ஆனால் இப்போது வேறு சிக்கல். நேற்று அப்பா ஒரு மணி நேரம் விளையாடினார். எல்லாம் அடுக்கியாயிற்று, ௰௪-உம் (14) ௰௫-உம் (15) மட்டும் இடம் மாறி நிற்கின்றன. "என்னால் முடியவில்லையப்பா" என்று எழுந்து போய்விட்டார். காய்களை ரேண்டம் எண்கள் கொண்டு கலைக்கிறேன்.

பதில் 2

அப்பாவிடம் உடனே சொல்லுங்கள், பிழை அவருடையது அல்ல. அந்த நிலையிலிருந்து யாராலும் முடிக்க முடியாது. கண்டபடி கலைத்தால் சரிபாதி அடுக்குகள் தீர்வே இல்லாதவை. இது 1879-லேயே கணிதமுறைப்படி நிறுவப்பட்டது.

காலிக் கட்டத்தைக் கடைசி மூலையிலேயே வைத்துக் கலையுங்கள். பிறகு, பெரிய எண் சிறிய எண்ணுக்கு முன்னால் நிற்கும் இணைகளை எண்ணுங்கள். இரட்டைப்படை என்றால் தீர்வு உண்டு. ஒற்றைப்படையானால் ஏதேனும் இரண்டு காய்களை இடம் மாற்றினால் போதும், இரட்டைப்படை ஆகிவிடும். 105 இணைகளைத்தான் பார்க்க வேண்டும். 486-க்கு அது ஒரு வேலையே இல்லை.

பதில் 1

இவர் சொல்வதே சரியான வழி. முடித்த நிலையிலிருந்து சில நூறு நகர்த்தல்கள் செய்து கலைப்பதும் உண்டு, ஆனால் நகர்த்தல்கள் குறைந்தால் காய்கள் பழைய இடத்தருகிலேயே கிடக்கும்.

கேட்டவர்

இணைகளை எண்ணும் முறையைச் சேர்த்துவிட்டேன். அப்பாவிடம் 14, 15 கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். தாளை வாங்கித் தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். இன்று காலை ௰௫ தன் இடத்தில் போய் அமர்ந்தது. எத்தனை நிமிடம் ஆனது என்று திரையில் காட்டச் சொல்கிறார். பயாஸ் கடிகாரம் நொடிக்கு 18.2 முறை துடிக்கிறது என்று படித்தேன், இன்றிரவு அதைப் பிடித்துக்கொண்டு உட்காரப் போகிறேன்.