மாடல் ராக்கெட்டில் இன்னும் அப்படி என்ன இருக்கிறது?

நிலவன்: அட்டைக்குழாயில் பால்சா மர இறக்கை ஒட்டிச் செய்யும் ராக்கெட்டை அமெரிக்காவில் அறுபது வருடத்துக்கு மேலாக விடுகிறார்கள். ட்ரோன் வந்த பிறகும் ஏன் மோகம் குறையவில்லை?

கதிர்: நம் கையால் ஒட்டியது மேலே போகிறதே, அதுதான்! மோட்டாரில், அதாவது ராக்கெட்டை உந்தும் மருந்துக்குழலில், சி6-5 என்று போட்டிருந்தால் சி என்பது சக்தியின் அளவு, 6 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். 5 என்பது வெடிமருந்து எரிந்து முடிந்தபின் காத்திருக்கும் விநாடிகள், அப்புறம் உள்ளே சின்னதாக ஒரு வெடிப்பு மூக்கைத் தள்ளி பாராசூட்டை வெளியே எறியும். அந்த 5 விநாடியும் எல்லோரும் அண்ணாந்தபடியே நிற்பார்கள், பாராசூட் விரிந்ததும் ஒரு கூச்சல்.

மேகலா: பாதுகாப்பும் முக்கியக் காரணம். 1950களில் பையன்கள் தாங்களே மருந்து கலந்து காயப்பட்டார்கள். நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல், இதைப் பற்றி எழுதிய ஹாரி ஸ்டைனுக்கு 1957-ல் தன் ராக்கெட்டுகளை அனுப்பினார். பிறகு வெர்ன் எஸ்டஸ் மோட்டார் செய்ய ஒரு இயந்திரத்தையே உருவாக்கினார். வீட்டில் மருந்து கலக்கும் வேலையே ஒழிந்தது, எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

நிலவன்: சரி, புதிதாக ஆரம்பிப்பவர் எந்த மோட்டார் வாங்குவது?

கதிர்: ஏ போதும். ஏ, பி, சி என்று ஒவ்வொரு எழுத்து ஏறும்போதும் உச்ச சக்தி இரட்டிப்பாகும், சின்ன மைதானத்தில் சி போட்டால் காற்று பாராசூட்டோடு எங்கேயோ கொண்டுபோய்விடும்.