செஸ்னா 172 குட்டி விமானத்துல அமெரிக்காவோட ராக்கீஸ் மலை மேல ஐஎஃப்ஆர் (வெளிய பாக்காம கருவிகளை வச்சு ஓட்டுறது) போலாமா?

புதுரெக்கை: இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், அதான் ஐஎஃப்ஆர்ல ஓட்டுற அனுமதி, இப்பதான் கைக்கு வந்துச்சு. நவம்பர்ல டென்வர் சென்டெனியல் ஏர்போர்ட்ல இருந்து மலைக்கு அந்தப் பக்கம் கிராண்ட் ஜங்ஷன் போகணும், கிளப்ல செஸ்னா 172 தான் கிடைக்கும். அன்னிக்கு மலை மேல ஃபுல்லா மேகம்னா ஐஎஃப்ஆர் ஃபைல் பண்ணி உள்ளயே போயிடலாமா, இல்ல நாள் மாத்திக்கவா? அப்புறம் எதுக்கு இவ்ளோ காசு கட்டி ரேட்டிங்னு வீட்ல வேற கேக்குறாங்க.

மேகராசன்: ரேட்டிங் ஓகே ப்ரோ, வண்டிதான் இடிக்குது. மலை ஏரியால ஐஎஃப்ஆர்னா ரெண்டு பக்கமும் 4 நாட்டிகல் மைலுக்குள்ள எது உசரமோ அதுக்கு மேல 2,000 அடி இருக்கணும், அங்க இருக்குற மவுண்ட் எல்பர்ட் சிகரமே 14,440 அடி, கணக்கு போட்டுக்கோங்க. 172 சீலிங், அதாவது ஏற முடியுற உசரம், சுமார் 14,000 அடி, அந்த உசரத்துல நிமிஷத்துக்கு 100 அடி ஏறினாலே பெருசு, மவுண்டன் வேவ் டவுன்டிராஃப்ட் (மலையத் தாண்டி கீழ இறங்குற காத்து) நிமிஷத்துக்கு 1,000 அடி இழுத்தா ஃபுல் த்ராட்டில் குடுத்தும் இறங்கிட்டேதான் இருப்பீங்க. 14,000-க்கு மேல பைலட்டுக்கு ஆக்சிஜனும் கட்டாயம்.

ஸ்ட்ரட்டு: ஐஸ யாரும் சொல்லலியே! காத்து மலைல மோதி மேல ஏறுற இடத்துல மேகத்துல தண்ணி ஜாஸ்தி, 0-க்கு கீழயும் உறையாம திரவமாவே நிக்கும், றெக்கை பட்டதும் அப்படியே ஒட்டிக்கும். முதல்ல டெம்பரேச்சர் ப்ரோப்லயும் வீல் ஸ்ட்ரட்லயும் வெள்ளையா ஒரு கோடு தெரியும், கொஞ்ச நேரத்துல 110 நாட் காட்டுனது 95-க்கு வந்துரும். 172-ல இதுக்குன்னு இருக்குறது பிட்டோ ஹீட்டு (வேகம் அளக்குற குழாய சூடாக்குறது) மட்டும்தான், வழக்கமா ஐஸ் பிடிச்சா கீழ இறங்கி தப்பிக்கலாம், இங்க கீழ பாறை. போதாததுக்கு செம்ம குளிர்ல ஆல்டிமீட்டர் (உசரம் காட்டுற மீட்டர்) நிஜ உசரத்தை விட கூட காட்டும்.

புதுரெக்கை: கிளப்ல டர்போ இன்ஜின் போட்ட செஸ்னா 182 ஒண்ணு இருக்கு, அது 20,000 அடி வரைக்கும் ஏறும்ல? மேகத்துக்கு மேலயே போயிட்டா?

மேகராசன்: ஏறும், ஆனா டாப்ஸ், அதான் மேகத்தோட மேல் விளிம்பு, எங்கன்னு உறுதியா தெரியணும். ஏறும்போதும் இறங்கும்போதும் அதே மேகம்தான், ஐஸ் பிடிக்கிற மேகத்துல பறக்க நம்ம கிளப் வண்டிக்கும் அப்ரூவல் கிடையாது. ஒரே இன்ஜின் வேற, நின்னுச்சுன்னா மேகத்துக்குள்ள க்ளைட் பண்ணி எந்த பள்ளத்தாக்க தேடுவீங்க? வயோமிங் பக்கமா லாரமி வழியா சுத்திப் போனா தரை தாழ்வு, ஆனா அங்க காத்து பேயா அடிக்கும்.

ஸ்ட்ரட்டு: வானம் தெளிஞ்ச நாளா பாத்து காலைலயே விஎஃப்ஆர்ல (வெளிய கண்ணால பாத்து ஓட்டுறது) ரோலின்ஸ் பாஸ் கணவாய், க்ரெம்ளிங், ஈகிள்னு போங்க. மலை உச்சில காத்து 25 நாட் தாண்டினா அன்னிக்கும் வேணாம். முன்னாடி ஒரு மவுண்டன் செக்கவுட் (இன்ஸ்ட்ரக்டரோட மலைப் பறத்தல் பயிற்சி) போட்டுருங்க, எப்படியும் கிளப்ல கேப்பாங்க.