செஞ்சிக் கோட்டையை ஒரே நாளில் ஏறிப் பார்க்க முடியுமா?

கேள்வி: கார்முகில்

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் ஒன்றாகப் படித்த நண்பர்கள் ஆறு பேர், வரும் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக் கோட்டைக்குச் செல்ல முடிவு செய்திருக்கிறோம். சென்னையிலிருந்து விடியற்காலையில் காரில் புறப்பட்டு, அன்றிரவே வீடு திரும்ப வேண்டும். எங்களில் இருவருக்கு மலையேறிப் பழக்கம் உண்டு; ஒருவருக்கு முழங்கால் வலி இருக்கிறது; மற்ற மூவரும் நன்றாக நடப்பார்கள் என்றாலும் செங்குத்தான படிகளில் ஏறியதில்லை.

2025 ஜூலையில் மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, அவற்றுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான் என்று அறிந்தோம். அதன் பிறகே இந்த எண்ணம் வலுப்பெற்றது. ஆனால் இணையத்தில் கிடைக்கும் காணொளிகள் பெரும்பாலும் உச்சியில் நின்று படமெடுத்துக்கொள்வதோடு முடிந்துவிடுகின்றன. முகலாயப் படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டும் எளிதில் வீழாத கோட்டை என்று படித்திருக்கிறேன். ஏன் வீழவில்லை என்பதை, ஏறிச் செல்லும்போதே எங்கள் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வழி இருக்கிறதா? கோட்டையின் ராஜகிரி, கிருஷ்ணகிரி மலைகள் இரண்டையும் ஒரே நாளில் ஏறலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: செஞ்சிவாசி

வணக்கம் நண்பரே. நான் செஞ்சியிலேயே பிறந்து வளர்ந்தவன். முதலில் நடைமுறைச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன்.

திண்டிவனத்தில் இருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் வந்தால் செஞ்சி. ஊரைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றதும் அந்தச் சாலை கோட்டையின் நடுவே புகுந்து செல்லும். இடப்புறம் பிரியும் பாதை ராஜகிரிக்கும், வலப்புறம் தெரியும் மலை கிருஷ்ணகிரிக்கும் உரியவை. நாங்கள் ராஜா கோட்டை, ராணிக் கோட்டை என்றுதான் சொல்வோம். மூன்றாவது மலையான சந்திரகிரி முள்ளும் புதருமாகக் கிடப்பதால் அதை இந்தப் பயணத்தில் சேர்க்க வேண்டாம்.

காலை 9 மணிக்கு வாயில் திறக்கும்போதே நுழைவுச்சீட்டு வாங்கிவிடுங்கள். பிற்பகலுக்கு மேல் வருபவர்களை ராஜகிரியின் உச்சிக்கு ஏற விடமாட்டார்கள். ராஜகிரியில் வாங்கிய சீட்டைக் கிருஷ்ணகிரியிலும் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் அதைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம் வேண்டும். மேலே கடை எதுவும் கிடையாது. வாயிலருகே அவித்த மல்லாட்டையும் (வேர்க்கடலை) வெள்ளரிப் பிஞ்சும் விற்பார்கள். அவற்றை அங்கேயே உண்டு முடித்துவிட்டு ஏறுங்கள். கையில் பிளாஸ்டிக் பையைக் கண்டாலே குரங்குகள் பிடுங்கிக்கொண்டு போகும். தோளில் மாட்டி இறுக மூடும் பைதான் பாதுகாப்பு. நல்ல பிடிப்புள்ள காலணி அணியுங்கள். தை மாதம் ஏறுவதற்கு ஏற்ற காலந்தான், ஆனால் காணும் பொங்கலை ஒட்டிய நாட்களில் படிகளில் கால் வைக்க இடமிருக்காது.

ராஜகிரியின் உச்சி தரையிலிருந்து சுமார் 240 மீட்டர் உயரம். நிதானமாக ஏறினால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். நன்றாக நடப்பவர்கள் ராஜகிரியை நண்பகலுக்குள் முடித்து, உணவுக்குப் பின் கிருஷ்ணகிரியும் ஏறலாம். கிருஷ்ணகிரி உயரம் குறைந்தது.

மறுமொழி: கல்வெட்டு மாணவி

கார்முகில் அவர்களே, நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. ஏறும் வழியில் நின்று நின்று பார்த்தால் போதும்.

சிவாஜி 1677இல் செஞ்சியைக் கைப்பற்றி அதன் அரண்களை வலுப்படுத்தினார். அவருடைய மகன் ராஜாராம், மகாராஷ்டிரத்தில் முகலாயரின் நெருக்குதல் தாங்க முடியாமல் போனபோது தெற்கே வந்து தஞ்சம் புகுந்தது இங்கேதான். 1690இல் முகலாயத் தளபதி சுல்பிகர் கானின் படை வந்து சூழ்ந்தது. 1698 தொடக்கத்தில்தான் கோட்டை வீழ்ந்தது. அப்போதும் ராஜாராம் பிடிபடாமல் தப்பிச் சென்றுவிட்டார்.

இத்தனை ஆண்டுகள் ஏன் ஆயின என்பதற்கு முதல் சான்று, நீங்கள் ராஜகிரியின் நடுப்பகுதியில் நின்று திரும்பிப் பார்க்கும்போது கிடைக்கும். மூன்று மலைகளை மூன்று முனைகளாகக் கொண்டு, அவற்றை இணைத்து மதில் ஓடுகிறது. மதிலின் மொத்த நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் என்கிறார்கள். இவ்வளவு பெரிய சுற்றளவை முழுவதுமாக அடைத்து நிற்க எந்தப் படைக்கும் ஆள் போதாது. முகலாயர் ஒரு பக்கம் முகாமிட்டிருக்க, மறுபக்கம் உணவும் செய்தியும் உள்ளே வந்துகொண்டிருந்தன. அதோடு சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகிய மராட்டியத் தளபதிகள் வெளியிலிருந்து தாக்கியதால், 1692இன் இறுதியில் முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்கு உள்ளானவர்களைப் போல ஆனார்கள். அவுரங்கசீப்பின் மகன் காம்பக்‌ஷ் எதிரிகளோடு ரகசியமாகப் பேசினார் என்ற ஐயத்தில் சொந்தப் படையினராலேயே காவலில் வைக்கப்பட்டதும் இந்த முற்றுகையில்தான் நடந்தது.

இரண்டாவது சான்று மதிலின் கட்டுமானம். பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டு கிடக்கும் இந்த மலைகளில், கட்டியவர்கள் பாறையை அகற்றவில்லை. பாறையையே மதிலாகக் கொண்டு, இடைவெளிகளை மட்டும் கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் கைவைத்துப் பாருங்கள்: உருண்டைப் பாறையின் வளைவுக்கு ஏற்ப அடுத்த கல்லின் விளிம்பைச் செதுக்கிப் பொருத்தியிருப்பது விரலுக்குத் தெரியும். பக்கத்துப் பாறைகளில் வரிசையாக இருக்கும் சிறு குழிகள், ஆப்பு வைத்துக் கல்லைப் பிளந்த அடையாளங்கள்.

மூன்றாவது, உச்சிக்குச் சற்றுக் கீழே வரும் பிளவு. ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட இந்தப் பள்ளம் உச்சிப் பாறையை மலையிலிருந்து பிரித்து வைக்கிறது. அக்காலத்தில் இதன் மேல் இருந்த மரப்பாலத்தை எடுத்துவிட்டால் மேலே ஏற வேறு வழி கிடையாது. இப்போது நிலையான பாலம் இருப்பதால் பலரும் அதைக் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள். தயவுசெய்து அங்கே நின்று கீழே பாருங்கள். அந்தப் பாலத்தைத் தாண்டிய பிறகு தானியக் களஞ்சியம், கருவூலம், அரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, பீரங்கி எல்லாம் ஒரு சிறு பாறைத்தலையின் மேல் நெருங்கி நிற்பதைப் பார்த்தால், கீழே எல்லாம் போனாலும் மேலே சில நாட்கள் தாக்குப்பிடிக்கலாம் என்று கணக்கிட்டுக் கட்டியது விளங்கும்.

ஆனால் ஒன்றையும் மறக்கக் கூடாது. இதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார். மதிலில் எந்த மாற்றமும் இல்லை. உள்ளே இருந்தவர்கள், ஆற்காட்டு நவாபுப் பதவிக்குப் போட்டியிட்ட முகமது அலியின் படையினர்; அப்போதுதான் தோற்று ஓடிவந்து ஒதுங்கியவர்கள். செஞ்சியைப் பற்றிப் பேசும்போது முதல் கதையை மட்டும் சொல்லி இரண்டாவதை விட்டுவிடுவது சரியல்ல என்பது என் கருத்து.

கார்முகில்

இருவருக்கும் மிக்க நன்றி. அந்தப் பிளவைப் பற்றி இதுவரை எந்தக் காணொளியிலும் நான் கேட்டதில்லை. இனி ஒரே ஐயம்: முழங்கால் வலியுள்ள நண்பர் ராஜகிரியின் உச்சிக்கு வர முடியாது. அவரைக் கீழே காரில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் மட்டும் ஏறுவதற்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி: செஞ்சிவாசி

அவரைக் காரில் உட்கார வைக்கவே வேண்டாம். ராஜகிரியின் அடிவாரத்தில் பார்ப்பதற்கு அரை நாள் போதாது. கல்யாண மகாலின் முற்றத்தில் நிழல் உண்டு. பல நிலைகளாக உயர்ந்து கூம்பு வடிவக் கூரையோடு முடியும் அதன் கோபுரம் கீழிருந்து பார்த்தாலே அழகு. பக்கத்திலேயே பெரிய களஞ்சியமும், யானைக்குளமும் இருக்கின்றன. கீழ்க்கோட்டையில் உள்ள வேங்கடரமணர் கோயிலுக்குச் சமதரையிலேயே செல்லலாம். அதன் கோபுர வாயிலின் உட்சுவர்களில் இராமாயணக் காட்சிகள் புடைப்புச் சிற்பங்களாக இருக்கின்றன; பொறுமையாகப் பார்ப்பவருக்கு ஒரு மணி நேரம் போவதே தெரியாது. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டுபோனவை என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

அவரால் முடிந்தால் ராஜகிரி ஏறும் வழியில் உள்ள கமலக்கண்ணி அம்மன் கோயில் வரையிலாவது மெல்ல ஏறி வரலாம். அதற்கு மேல்தான் படிகள் கடுமையாகும்.

செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எனக்குச் சற்று வருத்தம். ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்து 1714இல் போரிட்டு இறந்த அந்த இளைஞனை எங்கள் பக்கத்துக் கதைப்பாடல்கள் இன்றும் பாடுகின்றன. அவனோடு உயிர்விட்ட தோழன் ஓர் இசுலாமியன் என்பதை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லாமல் அந்தக் கதையை முடிப்பதில்லை. தேசிங்கின் உடலை எரித்த இடம் என்று சொல்லப்படுவது செட்டிகுளத்தின் கரை, அதுவும் சமதரைதான். உங்கள் நண்பரை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.

மறுமொழி: பாறைநாடி

மேலே கூறியவற்றை முழுவதும் ஏற்கிறேன். ஒரே ஒரு மாற்றுக் கருத்து மட்டும். ராஜகிரி ஏறி இறங்கிய கால்களோடு கிருஷ்ணகிரியிலும் ஏறினால், அங்குள்ள களஞ்சியங்களையும், குவிமாடம் கொண்ட அழகிய கொலுமண்டபத்தையும் களைப்பில் சரியாகப் பார்க்க மாட்டீர்கள். கிருஷ்ணகிரியை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பதிலாக, உணவு முடித்துச் செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருநாதர்குன்றுக்குச் செல்லுங்கள். ஒரு பெரும்பாறையின் முகப்பில், வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசைகளில் சமண சமயத்தின் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரிகரின் நினைவாக வெட்டப்பட்ட பழைய கல்வெட்டும் அங்கே உண்டு. கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தப் பாறைகளுக்கு மனிதர்கள் வந்திருக்கிறார்கள். ஏற்றம் சிறியது என்பதால் முழங்கால் வலியுள்ள நண்பரும், அவசரப்படுத்தாமல் இருந்தால், உங்களோடு வரலாம்.

அருகிலுள்ள சிங்கவரத்தில் பாறையைக் குடைந்து அமைத்த பல்லவர் காலத்து அரங்கநாதர் கோயிலும் இருக்கிறது. ஆனால் அங்கே படிகள் அதிகம், மாலையில் நடை திறக்கும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். நேரம் இடம் கொடுக்காவிட்டால் அதை விட்டுவிட்டு, இருட்டுவதற்குள் திண்டிவனம் சாலையைப் பிடித்துவிடுங்கள்.