புதுப்பிப்பு: கான்ஜி மேல் ஃபுரிகானா இடைவெளி, தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: ஜப்பானியப் பாட இணையப் பக்கத்தில் கான்ஜி (சீன வழிச் சொல்லெழுத்து) மேல் வாசிப்பைக் காட்டும் சிறிய ஃபுரிகானா, அதாவது ரூபி எழுத்துகள் ஒரு உலாவியில் நெருக்கமாகவும் இன்னொன்றில் பரந்தும் தெரிகின்றன, ஏன் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது 'ரூபி-அலைன்: சென்டர்' (ரூபியை நடுவில் நிறுத்தும் சிஎஸ்எஸ் வடிவமைப்புக் கட்டளை) யோசனை. இதன் இயல்பு மதிப்பு 'ஸ்பேஸ்-அரவுண்ட்' (மீதி இடத்தை எழுத்துகளைச் சுற்றிப் பகிர்வது). அதனால்தான் 'கியோ' (இன்று) போல இரண்டு கான்ஜிக்கு மூன்றே கானா (ஒலியெழுத்து) வரும்போது எழுத்துகள் சிதறின. இந்தப் பண்பு பயர்பாக்ஸில் 38ஆம் பதிப்பிலிருந்தும் குரோமில் 128இலிருந்தும் (2024) உண்டு. பழைய குரோமில் வேறுபாடு இருக்கத்தான் செய்யும்.

எதிர்பாராத விஷயம், நீளமான வாசிப்புகள் அதற்குப் பிறகும் அகன்றே நின்றன. பத்திக்கு நான் கொடுத்திருந்த 'லெட்டர்-ஸ்பேசிங்: 0.1 எம்' (எழுத்திடைவெளி, எழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு) ரூபிக்கும் இறங்கியிருந்தது. 18 பிக்சல் எழுத்தில் அது 1.8 பிக்சல், இறங்கும்போது விகிதமாக அல்ல, அதே 1.8 ஆகவே இறங்குகிறது. 9 பிக்சல் ரூபிக்கு அது விகிதத்தில் இரட்டிப்பு. 'கொகொரோஸாஷி' (இலட்சியம்) ஒரே கான்ஜி, ஐந்து கானா: கூடுதலாக 9 பிக்சல், அதாவது அரை கான்ஜி அகலம்! ரூபி எழுத்தைக் குறிக்கும் ஆர்டி என்ற எச்டிஎம்எல் குறிக்கு லெட்டர்-ஸ்பேசிங் 0 கொடுத்ததும் சரியானது.

பக்கத்து எழுத்தின் மேல் ரூபி நீள்வதை மட்டும் சிஎஸ்எஸ் விவரக்குறிப்பு உலாவியின் முடிவுக்கே விட்டிருக்கிறது. அங்கே சிறு வேறுபாடு இன்னும் உள்ளது, அதை விட்டுவிட்டேன். வரி உயரம் 2 வைத்ததில் வரிகளும் ஒரே சீராக நிற்கின்றன.