மறுமொழி: மிர்ரர்லெஸ் கேமராவுக்குத் தமிழில் என்ன பெயர்? (அல்ட்ரா காம்பாக்ட்டுக்கும் சேர்த்து)

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, ரீயூனியன் தீவின் சேந்தாந்த்ரேயிலிருந்து வணக்கம்.

மடல்கள் குவிந்துவிட்டன. தனித்தனியே எழுதினால் இழை சிக்கலாகிவிடும் என்பதால் எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் சங்கம் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒளிப்படக் கையேடு ஒன்று அச்சிடுகிறது. பொதுவில் ஒரு கேமராவும் வாங்கப் போகிறோம். வில்லையை (லென்ஸை) மாற்றிக்கொள்ளும் மிர்ரர்லெஸ்ஸா, பைக்குள் போடும் அல்ட்ரா காம்பாக்ட்டா என்ற பக்கத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் சொல் தட்டுப்பாடு தெரிந்தது. இங்கே பிள்ளைகளுக்கு வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு. பார்த்ததும் பொருள் பிடிபடாத தமிழ்ச்சொல்லை அச்சிட்டால் அடுத்த வரியிலேயே பிரெஞ்சுக்குத் தாவிவிடுவார்கள்.

> ஆடியில்லாப் படக்கருவி என்றே வைத்துவிடலாமே. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

ஐயா, பாடநூல் சொல்லான ஆடியை எடுத்தது நல்லதுதான். கண்ணாடி என்றிருந்தால் வில்லையும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி என்று வேறு வம்பு வந்திருக்கும். எனக்குத் தகராறு ‘இல்லா’வோடுதான். எதில் ஆடி இருக்கிறது, சொல்லுங்கள். அல்ட்ரா காம்பாக்ட்டில் இல்லை, கைப்பேசியில் இல்லை. கடையில் ‘ப்ரிட்ஜ்’ என்று விற்கிறார்களே, பார்வைக்கு ரெஃப்லெக்ஸ் (உள்ளே ஆடி வைத்த பழைய வகைக் கேமரா) மாதிரி தடித்து, வில்லை மட்டும் கழலாமல், அதிலும் இல்லை. லைக்காவின் எம் வரிசை 1954 முதல் ஆடியே இல்லாமல் வில்லை மாற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பெரும்பாலும் யாரும் மிர்ரர்லெஸ் என்று சொல்வதில்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 2002-இல் வந்த மினோல்ட்டா டிமாஜ் எக்ஸ், 2003-இல் வந்த சோனி டி1 போன்ற ஒல்லிக் கேமராக்களில் ஜூம் வெளியே நீளாது. உள்ளே நுழையும் ஒளியை 90 பாகை மடக்கி, உடலுக்குள் நெட்டுக்குத்தாக நிற்கும் வில்லைகள் வழியே அனுப்பினார்கள். அதாவது ஒளியைத் திருப்பும் உறுப்பு குட்டிக் கேமராவில் இருந்தது, மிர்ரர்லெஸ்ஸில் கிடையாது! எதை வாங்கலாம் என்று கேட்கிற பிள்ளைக்கு இந்தப் பெயர் என்ன வழிகாட்டும்?

ஆங்கிலப் பெயர் ரெஃப்லெக்ஸை மனத்தில் வைத்துக்கொண்டு இட்டது. 45 பாகையில் சாய்ந்து நின்று ஒளியை மேலே நம் கண்ணுக்கு அனுப்பிய ஆடியை எடுத்துவிட்டார்கள். 2008-இல் பானாசோனிக் ஜி1 வந்தபோது அதுவே பெரிய செய்தி. ஆடி எழும்பி விழ வேண்டிய இடம் மிச்சமானது. நிக்கானின் பழைய எஃப் பொருத்தில் (மவுண்ட்) வில்லையை மாட்டும் வளையத்துக்கும் படம் பதியும் உணரிக்கும் (சென்சார்) நடுவே 46.5 மி.மீ., 2018-இல் வந்த இசட் பொருத்தில் 16 மி.மீ. உடல் மெலிந்த கதை இதுதான். கையேட்டில் இதற்கு ஒரு பத்தி கொடுப்பேன். ஆனால் ரெஃப்லெக்ஸைத் தொட்டே பார்க்காத பிள்ளையிடம் இந்தப் பழங்கதையைப் பெயருக்குள்ளும் திணிக்க வேண்டுமா?

> இங்கே கடைகளில் இப்ரீத் என்றுதானே எழுதியிருக்கிறது? கலப்பினக் கேமரா என்றால் என்ன, அண்ணா?

தம்பி, ரெஃப்லெக்ஸும் காம்பாக்ட்டும் கலந்தது என்ற கணக்கில் பிரெஞ்சுக்காரர் அப்படிச் சொல்கிறார்கள். இல்லாததைச் சொல்லாமல் இருப்பதைச் சொல்கிறார்களே, அந்த வகையில் ஆங்கிலத்தைவிட மேல். ஆனால் தமிழில் கலப்பினம் என்றால் மாடும் நெல்லும்தான் கண்ணுக்கு முன்னால் வருகின்றன. வேண்டாம்.

> ஒன்றில் வில்லை கழலும், மற்றதில் பதிந்தே இருக்கும். ஆகவே கழல்வில்லைக் கேமரா, பதிவில்லைக் கேமரா.

மொரீசியஸிலிருந்து அக்கா அனுப்பிய இந்த இணைதான் விஷயத்தின் நடுவில் கை வைத்தது. வாங்குகிறவர் தீர்மானிக்க வேண்டிய முதல் கேள்வியே வில்லை கழல வேண்டுமா வேண்டாமா என்பதுதான். ஆனால் அக்கா, ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். ‘பதிவில்லை’: பதிவு இல்லை. படம் பதியாத கேமராவை யார் வாங்குவார்கள்? ‘கழல்வில்லை’: கழல்வு இல்லை. சொல்ல வந்ததற்கு நேர் எதிர்! வில்லை என்பது அழகான சொல். கூட்டுச்சொல்லின் கடைசியில் வைத்தால் மட்டும் மறுப்பாக மாறிவிடுகிறது. முன்னால் வைத்தால் தொல்லையில்லை. வில்லைமாற்றி என்கலாம். மின்மாற்றி என்று சொல்லிப் பழகியவர்களுக்கு உறுத்தாது.

வில்லைக்குப் பதில் கண் என்று வைத்து ‘மாற்றுக்கண் கேமரா’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கவிதையாகத்தான் இருக்கிறது. ஆனால் மாறுகண் பக்கத்து வீட்டில் இருக்கிறது, விட்டுவிடுவோம்.

இனி என் முன்மொழிவு. வில்லைமாற்றி என்பது குடும்பப் பெயர். அதற்குள் இரண்டு கிளை. வில்லை காட்டுவதை ஆடி திருப்பிக் கண்ணுக்குத் தருவது ஆடிவழி, அதுதான் ரெஃப்லெக்ஸ். ஒளி நேரே உணரியில் விழுந்து, உணரி கண்டதையே திரையில் நாமும் காண்பது நேரொளி. முழுப்பெயர் ‘நேரொளி வில்லைமாற்றி’. வழக்கமான லைக்கா எம் இதற்குள் வராது, அங்கே நாம் பார்ப்பது தனிச் சாளரம் வழியே. ப்ரிட்ஜும் குட்டியும் வில்லைமாற்றி அல்ல என்பதால் வரா. கண்வைத்துப் பார்க்கும் மின்திரையைக் கொண்டு ‘மின்காட்டி’ என்று சொன்னவர்களுக்கு: அது ப்ரிட்ஜிலும் உண்டு, 2010-இல் வந்த சோனி நெக்ஸ்-5 மிர்ரர்லெஸ்ஸாக இருந்தும் உடலோடு அது கிடையாது.

> அல்ட்ரா காம்பாக்ட் = மீச்சிறு / நுண் / கையடக்கக் கேமரா

மீச்சிறு கணக்குப் பாடத்துக்குப் போகட்டும். நுண் என்றால் ‘மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்’ என்ற பொருத்து வகையோடு மோதும், அதுவோ மிர்ரர்லெஸ் குடும்பம். கையடக்கம் என்றதும் இலங்கை நண்பர்கள் கைப்பேசியை எடுத்துக் காட்டுவார்கள். சட்டைப்பைக் கேமரா என்று நானே எழுதிப் பார்த்தேன், என் மனைவி, “புடவையில் பை எங்கே இருக்கிறது?” என்று ஒரே கேள்வியில் அடித்துவிட்டாள். குட்டிக் கேமரா. எல்லோரும் வாயால் சொல்வது அதைத்தான். கலைச்சொல்லுக்குரிய மிடுக்கு இல்லை என்பவர்கள் ஊரில் ஓடும் குட்டியானை வண்டிக்கு வேறு பெயர் வைத்துவிட்டு வரட்டும். 2002-இல் காசியோ எக்ஸிலிம் எஸ்1 வெறும் 11.3 மி.மீ. தடிமனில் வந்ததே, அதைக் கையில் எடுப்பவர் வேறு எப்படிக் கூப்பிடுவார்?

சொல் கிடக்கட்டும், எதைத்தான் வாங்குவது என்று பொருளாளர் கேட்கிறார். எங்களுக்கு முதல் தேவை தீமிதி. பாண்டியாலே (திரௌபதி அம்மன்) கோயில் குழியருகே பொழுது சாயும் நேரம், புகை, நடக்கும் பக்தர். அவர் முகத்தில் ஃபிளாஷ் அடிப்பது மரியாதையில்லை. குட்டிக் கேமராவில் வழக்கமாக வரும் உணரி 6.2 × 4.6 மி.மீ. அளவு. நடுத்தர நேரொளியில் 23.5 × 15.6 மி.மீ., பரப்பில் ஏறத்தாழ 13 மடங்கு. அந்த வெளிச்சத்தில் வித்தியாசம் கண்கூடு. ஷட்டர் சத்தமில்லாமலும் எடுக்கலாம், பூசை நேரத்தில் அது பெரிய உதவி. ஒரு எச்சரிக்கை: சத்தமில்லா மின் ஷட்டரில், கோயில் எல்.இ.டி. விளக்குகளின் கீழ் படத்தில் வரிவரியாகப் பட்டை விழக்கூடும். முதலில் ஒன்று எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாம்பல்தான் நேரொளியின் பகை. ஆடி இல்லாததால் வில்லையைக் கழற்றியதும் உணரி வெளியே பார்த்து நிற்கும். 2018-இன் கேனன் ஆர் போன்ற சிலவற்றில் கேமராவை அணைத்தால் ஷட்டர் மூடிக்கொள்ளும்; எல்லாவற்றிலும் அப்படியில்லை. குழியருகே வில்லை மாற்றவே கூடாது. குட்டிக்கு இந்தக் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். நீண்டு சுருங்கும் ஜூம் குழல் தூசியை உள்ளே இழுத்துக்கொண்டால் வீட்டில் துடைக்க முடியாது.

மஃபாத் மலைப்பகுதி நடைக்கு மட்டும் கணக்கு மாறும். அங்கே சாலை கிடையாது. நடந்தே போக வேண்டும், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். ஆடி போனதில் உடல் இளைத்ததே தவிர, நீள வில்லைகள் அப்படியொன்றும் இளைக்கவில்லை. ஏறும்போது தோளுக்குத் தெரியும். குட்டியின் உணரி கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் 2012-இல் தொடங்கிய சோனி ஆர்எக்ஸ்100 மாதிரி, 13.2 × 8.8 மி.மீ. உணரியோடு 240 கிராமில் இருப்பதைப் பார்க்கலாம். சிற்றுணரிக் குட்டியை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒளிவழி ஜூம் ஒன்றைத் தவிர, நல்ல கைப்பேசி தராத எதையும் அது தருவதில்லை.

ஆகவே சங்கத்துக்கு நேரொளியும் அளவான ஒரு ஜூம் வில்லையும். மலையேறும் பிள்ளைகள் அவரவர் குட்டியோடு போகட்டும்.

---

சேன் பியேரிலிருந்து மறுமொழி:

அண்ணாவுக்கு வணக்கம். வில்லைமாற்றி, குட்டிக் கேமரா இரண்டுக்கும் என் கை தூக்கியாயிற்று. நேரொளி மட்டும் இடிக்கிறது. கல்யாணப் படம் எடுக்கிறவன் நான். எங்கள் பேச்சில் நேரொளி என்றால் குடையோ திரையோ இல்லாமல் நேரே முகத்தில் விழும் வெளிச்சம். “நேரொளியில் எடுக்காதே” என்று கையேட்டின் விளக்குப் பக்கத்தில் வந்தால் பிள்ளை கேமராவையே கீழே வைத்துவிடும். ‘நேர்காண்’ என்றால்? உணரி காண்பதை நேரே நாமும் காண்கிறோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

---

சேந்தாந்த்ரேயிலிருந்து:

தம்பி, நேர்காண் நேர்காணலுக்கு அருகே போய் உட்கார்ந்துகொள்கிறதே! பேட்டிக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. விளக்குப் பக்கத்தில் நேர்வெளிச்சம், சிதறுவெளிச்சம் என்று எழுதிவிட்டால் மோதல் இருக்காது. கையேட்டில் முதல்முறை வரும் இடத்தில் ‘நேரொளி வில்லைமாற்றி (மிர்ரர்லெஸ், இப்ரீத்)’ என்று மூன்றையும் போடுகிறேன், கடைக்குப் போகும் பிள்ளைக்கும் அது வேண்டும். மாற்றுக் கருத்துள்ளவர்கள் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள். ‘மவுண்ட்’ என்பதற்குப் பொருத்து, பொருத்துவளையம் இரண்டில் எது என்பதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.