1/48 மஸ்டாங்: உலோகப் பூச்சு சொரசொரக்கிறது, டேப்போடு உரிகிறது, கூண்டும் மங்கிவிட்டது

ஸ்ப்ரூக்காடன்

வணக்கம். பி-51டி மஸ்டாங் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல், 1/48 கிட் (நிஜ அளவில் 48-ல் ஒரு பங்கு). ஒட்டும் வேலை முடிந்து, இணைப்புகளில் புட்டி வைத்து உப்புத்தாளால் தேய்த்தும் ஆயிற்று. 1944 ஜூனில் நார்மண்டி தரையிறக்கத்தின்போது பறந்த, கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட வெற்று உலோக விமானமாக முடிக்க நினைக்கிறேன். மூன்று இடத்தில் தடை.

சாம்பல் பிரைமர், அதன் மேல் பளபளப்புக் கறுப்பு, அதற்கும் மேல் லாக்கர் வகை அலுமினியம், எல்லாம் ஏர்பிரஷ்தான். இறக்கை உடலோடு சேரும் மூலையில் அலுமினியம் பொரிப்பொரியாக நிற்கிறது. விரலை வைத்தால் உப்புத்தாள் போலவே இருக்கிறது.

கோடுகளுக்காக மாஸ்கிங் டேப் ஒட்டி எடுத்தேன். பூச்சும் தோல் தோலாகக் கூடவே வந்துவிட்டது.

விமானியின் கண்ணாடிக் கூண்டை அதன் கீழ்ச் சட்டத்தில் சூப்பர் க்ளூவால் ஒட்டினேன். மறுநாள் உட்புறம் முழுக்க வெள்ளைப் புகை படிந்திருந்தது.

எதையாவது காப்பாற்ற முடியுமா, புதிய கிட்தான் கதியா?

மெல்லியபடலம்

புதிய கிட் எல்லாம் வேண்டாம். இரண்டு விவரம் மட்டும் சொல்லுங்கள். காற்றழுத்தம் எவ்வளவு, எவ்வளவு தூரத்திலிருந்து அடித்தீர்கள்? உரிந்து வந்த டேப்பைத் திருப்பிப் பாருங்கள், பசைப் பக்கத்தில் என்னென்ன நிறம் தெரிகிறது?

ஸ்ப்ரூக்காடன்

25 பிஎஸ்ஐ, ஒரு சாண் தூரம். டேப்பில் வெள்ளி, அதன் மேல் கறுப்பு, அதற்கும் மேல் சாம்பல். மாடலில் வெறும் பிளாஸ்டிக் தெரிகிறது.

மெல்லியபடலம்

அப்படியானால் அலுமினியத்தின் மேல் பழி இல்லை. கறுப்பு வரைக்கும் மட்டும் உரிந்திருந்தால், கறுப்பு முழுதாகக் காய்வதற்கு முன் மேல்பூச்சு விழுந்துவிட்டது என்று சொல்லலாம். பிரைமரே பிளாஸ்டிக்கை விட்டுக் கழன்றிருப்பதால் அடியில் எண்ணெய்ப் பசையோ தேய்த்த தூளோ இருந்திருக்கிறது. அச்சிலிருந்து பாகம் எளிதில் கழலத் தடவும் எண்ணெய், நம் விரல் ஈரம், புட்டித் தூள் எல்லாமே பிரைமரைப் பிடிக்க விடாது.

மாடல் முழுவதும் டேப்பை அழுத்தி ஒட்டி இழுங்கள். வருவதெல்லாம் வரட்டும். வராத பூச்சு நன்றாகப் பிடித்திருக்கிறது, அதை விட்டுவிடலாம். உரிந்த விளிம்பு படியாக நிற்கும். அதை 1000, பிறகு 2000 எண் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்துச் சரிவாக்குங்கள். வலுவான லாக்கர் தின்னரை ஊற்றிக் கழுவ நினைக்காதீர்கள், பிளாஸ்டிக் இளகி, தகட்டு இணைப்பைக் காட்டும் பேனல் கோடெல்லாம் கரைந்துவிடும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய பல் துலக்கும் பிரஷ். காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. அதற்குப் பிறகு கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

பொரிக்குக் காரணம் தூரமும் அழுத்தமும். லாக்கர் அலுமினியம் தண்ணீராக இருக்கும், பறக்கும்போதே காய்ந்துவிடும். ஒரு சாண் தூரத்தில், அந்த அழுத்தத்தில், மாடலைத் தொடுவது தூள்தான். மூலையில் காற்று சுவரில் மோதித் திரும்புவதால் அந்தத் தூள் அங்கேயே சுழன்று படிகிறது. 12 முதல் 15 பிஎஸ்ஐ வைத்துக்கொண்டு மூன்று நான்கு விரற்கிடைக்குக் கிட்டே போங்கள். மெல்லிய படலமாகப் பல தடவை அடிக்க வேண்டும். கறுப்பு மறைந்ததும் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் என்று அடித்தால் பளபளப்பு போய் வெறும் சாம்பல் நிறம் வந்து நிற்கும்.

வரிசையையும் மாற்றுங்கள். முதலில் வெள்ளை, அதன் மேல் கறுப்புக் கோடுகள், அவற்றை டேப்பால் மூடி, உலோகம் கடைசியில். உலோகத்தின் மேல் டேப் ஒட்டும் தேவையே குறைந்துவிடும். ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு ஒவ்வொரு கோடும் 18 அங்குலம் என்பது அன்றைய உத்தரவு. 1/48 அளவில் ஒன்பதரை மில்லிமீட்டர். வெள்ளையில் தொடங்கி வெள்ளையில் முடியும் ஐந்து கோடுகள்.

தகரக்கொட்டகை

மேலே சொன்ன பூச்சு முறையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இறக்கையை எதற்குப் பளபளக்க வைக்கிறீர்கள்?

மஸ்டாங்கின் இறக்கை வெற்று உலோகம் இல்லை, ஐயா! காற்று சிதறாமல் வழுக்கி ஓட வேண்டும் என்று வடிவமைத்த லாமினார் இறக்கை அது. தொழிற்சாலையிலேயே முன்விளிம்பிலிருந்து ஏறக்குறைய 40 சதவீத அகலம் வரை ரிவெட்டுகளையும் தகட்டு இணைப்புகளையும் புட்டி வைத்து அடைத்து, தேய்த்து, இறக்கை முழுவதற்கும் அலுமினிய நிற லாக்கர் அடித்தார்கள். உடல் மட்டும்தான் தகடு தகடாக மின்னியது. சுக்கானோ துணி போர்த்தியது, அதிலும் வண்ணம்தான். உடல், இறக்கை, சுக்கான் மூன்றையும் ஒரே குப்பியிலிருந்து ஒரே மினுக்கில் அடித்து வைத்த மஸ்டாங்கைப் பார்த்தால் எனக்கு எவர்சில்வர் டம்ளர் ஞாபகம்தான் வரும்.

ஆகவே உடலுக்குக் கறுப்பின் மேல் பளபளப்பு அலுமினியம். இறக்கைக்குக் கறுப்பே வேண்டாம், சாம்பல் பிரைமர் மேல் சாதாரண வெள்ளி வண்ணம், கொஞ்சம் மங்கலாக. இறக்கை மூலைப் பொரியைத் தேய்த்தாலே போதும். முன்பகுதிப் பேனல் கோடுகளைப் புட்டியால் அடைத்துவிடுங்கள். துப்பாக்கி அறை மூடிகளையும் குண்டுப்பெட்டி மூடிகளையும் மட்டும் அடைக்காதீர்கள், அவை திறந்து மூட வேண்டியவை.

இன்னொன்று. செங்குத்து வாலுக்கு முன்னால் முதுகில் சிறு துடுப்பு ஒன்று உங்கள் கிட்டில் இருக்கிறதா? ஜூன் தொடக்கத்தில் பறந்த முதல் டி வகைகளில் அது கிடையாது, பிறகு வந்தது. துடுப்பு வைத்தால் கோடுகள் உடலின் கீழ்ப்பக்கம் மட்டும் உள்ள பிற்கால விமானமாகச் செய்யுங்கள். ஐந்து கோடும் சுற்றிவர வேண்டுமென்றால் துடுப்பில்லாத வால்.

மெல்லியபடலம்

இறக்கை விஷயம் சரி. ஆனால் பேனல் கோடுகளை அடைப்பதில் ஒரு சிறு மாற்றுக் கருத்து. போர்க்களத்தில் மாதக்கணக்கில் நின்ற விமானத்தில் புட்டியும் லாக்கரும் தேய்ந்து ரிவெட் வரிசை அங்கங்கே எட்டிப் பார்த்ததும் உண்டு. முழுக்க அடைத்தால் பொம்மை மாதிரி ஆகிவிடும். நான் பாதி அடைப்பேன்.

தகரக்கொட்டகை

தேர்ந்தெடுத்த விமானத்தின் படம் எதைக் காட்டுகிறதோ அதைச் செய்யலாம். படமே இல்லையென்றால் அடைப்பேன். அவ்வளவுதான்.

கண்ணாடிக்காரி

கூண்டைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான்.

அந்த வெள்ளைப் படிவு கண்ணாடிக்குள் இறங்கவில்லை, மேலேதான் இருக்கிறது. சூப்பர் க்ளூ காயும்போது வெளிவிடும் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகிப் படிகிறது. கூண்டு இன்னும் உடலில் ஒட்டப்படவில்லை என்பதால் உள்ளே விரல் போகும், அது நல்ல காலம். பிளாஸ்டிக் பாலிஷை மெல்லிய பருத்தித் துணியில் தொட்டு, அழுத்தாமல், சிறு வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருங்கள். சட்டத்தின் ஓரத்துக்குப் பல்குத்தியின் முனையில் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். வெள்ளை போனதும் கழுவி, தெளிவான அக்ரிலிக் வார்னிஷில் முழுதாக முக்கி எடுத்து, ஒரு மூலை வழியாக வடியவிட்டு, தூசி படாமல் ஒரு கிண்ணத்தால் மூடி வையுங்கள். நுண்ணிய கீறல் எல்லாம் மறைந்துவிடும். அந்தப் படலம் இருந்தால் அடுத்த முறை ஆவியும் படியாது.

உடலில் ஒட்டும்போது வெள்ளைப் பசை போதும். வழிந்தால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.

டீகல், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள், ஒட்டும் நேரம் வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். பளபளப்பான உடலில் தொந்தரவு இருக்காது. மங்கலான இறக்கையில்தான் டீகலுக்கு அடியில் காற்று தங்கி வெள்ளி வெள்ளியாகத் தெரியும். அங்கே மட்டும் பளபளப்பு வார்னிஷ் அடித்து, டீகல் ஒட்டி, மறுபடி மங்கல் வார்னிஷ். டீகல் இளக்கும் திரவம் சில உலோகப் பூச்சில் கறை விடும். வேண்டாத துண்டில் அடித்துச் சோதித்த பிறகே உடலில் தொடுங்கள்.

ஸ்ப்ரூக்காடன்

எல்லோருக்கும் நன்றி. கூண்டு தெளிந்துவிட்டது, உள்ளே குறிபார்க்கும் கருவி வரை தெரிகிறது. டேப் இழுத்ததில் இடது இறக்கையின் அடிப்பக்கம் முழுவதும் வந்துவிட்டது, வலது பக்கம் அசையவில்லை. வலதைக் கழுவியது ஞாபகம் இருக்கிறது, இடதைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கிட்டில் இரண்டு வாலும் இருக்கின்றன, துடுப்பில்லாததை எடுத்துக்கொண்டேன். இறக்கையில் மங்கல் வெள்ளி அடித்ததும் உடல் தனியாக எடுத்துக் காட்டுகிறது.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. புரொப்பெல்லர் முனையில் மஞ்சள் எவ்வளவு நீளம்? பெட்டியின் மேலட்டைப் படத்தில் ஒரு மாதிரி, உள்ளே வழிகாட்டியில் வேறு மாதிரி இருக்கிறது.

தகரக்கொட்டகை

நான்கு அங்குலம். உங்கள் அளவில் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை கூட. மஞ்சளை முதலில் அடித்து, முனையை மூடிவிட்டு, பிறகு கறுப்பு. கறுப்பின் மேல் மஞ்சள் அடித்தால் பச்சையாகத் தெரியும்.